அரைப் புள்ளி

செஸ் போட்டி நடக்கும் மண்டபத்தின் வாசலில் எப்போதும் ஒரு பெற்றோர் கூட்டம் நிற்கும். ஆடி முடித்து வெளியே வரும் பிள்ளையைப் பார்த்ததும், "ஜெயிச்சியா கண்ணு?" என்பதுதான் முதல் கேள்வி. ஜெயித்தேன் என்றால் முகம் மலரும். தோற்றேன் என்றால், "சரி விடு சாமி, அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டுவார்கள். பிள்ளை "டிரா" என்று சொல்லும்போதுதான் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. பாராட்டுவதா, தேற்றுவதா என்று ஒரு நொடி திகைத்துவிட்டு, "ஜெயிக்கற மாதிரி இருந்துச்சா, தோக்கற மாதிரி இருந்துச்சா?" என்று கேட்பார்கள். மூன்று மணி நேரம் ஒரு கட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் போராடி எடுத்த அரைப் புள்ளியை, கைநழுவிப்போன அரைப் புள்ளியாகவே அந்தப் பிள்ளையும் பார்க்கத் தொடங்கிவிடும்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் நாற்பது ஆண்டுக்காலமாக ஆட்டக்காரனாக, பயிற்சியாளனாக, நடுவனாக இருந்துவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. சமபலமுள்ள இருவர் கடைசிக் காய் வரை ஆடி முடித்த டிராவைவிட உயர்ந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் உலகத்தில் மிகக் குறைந்த மரியாதை கிடைப்பதும் அந்த ஆட்டத்துக்குத்தான்.

நான் ஆடத் தொடங்கியபோது சேலமும் நாமக்கல்லும் சேர்ந்து ஒரே சேலம் மாவட்டம்தான். நாமக்கல் 1997 ஜனவரியில்தான் தனியாகப் பிரிந்தது. அதுவரை திருச்செங்கோடு, ராசிபுரம், பரமத்தி வேலூர், ஆத்தூர், மேட்டூர் என்று எந்த ஊர் ஆட்டக்காரராக இருந்தாலும் மாவட்டத் தேர்வுக்குச் சேலத்துக்கு பஸ் ஏறி வர வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் கற்றுக்கொண்டவர்கள். வயதானவர்கள் சிலர் நாட்டு ஆட்டத்தில் ஊறியவர்கள். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகும் உரிமை கிடையாது. ராஜா செக் வாங்காதவரை ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். ஸ்டேல்மேட் விஷயத்தில் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் இருந்தது.

போட்டிக்கு வந்தபிறகு தகராறு வருவது பெரும்பாலும் அந்த ஸ்டேல்மேட்டில்தான். ஒரு பெரியவர் யானையும் ராணியும் வைத்துக்கொண்டு எதிராளியின் ராஜாவை மூலையில் முடக்கிவிட்டார். செக் இல்லை, ஆனால் ராஜா நகர இடமில்லை. டிரா என்று நடுவர் சொன்னதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "அசைய முடியாம கட்டிப்போட்டிருக்கறனுங்க. கட்டுனவனுக்கும் கட்டுப்பட்டவனுக்கும் ஒரே கூலிங்களா?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதாகவே அன்று எனக்குத் தோன்றியது. எல்லாம் இழந்தவனுக்கும் ஒரு கடைசி வழியை ஸ்டேல்மேட் திறந்து வைக்கிறது என்பதும், ஜெயிக்கிறவன் கடைசிக் கட்டம் வரை கவனமாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் பின்னால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கே முழுசாக விளங்கியது.

புத்தகம் கிடைப்பது அப்போது பெரும்பாடு. நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் மலிவு விலையில் வரும் சோவியத் புத்தகங்களில் செஸ் புத்தகம் அகப்பட்டால் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்போம். பத்திரிகையில் வரும் ஆட்டத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்போம். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் கார்ப்போவுக்கும் காஸ்பரோவுக்கும் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் தொடங்கியது. முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவர் சாம்பியன், டிராவுக்குக் கணக்கில்லை என்பது விதி. நூலகத்தில் பேப்பரைப் பிரித்தால் மறுபடி டிரா, மறுநாளும் டிரா. இடையில் தொடர்ந்து 17 ஆட்டங்கள் டிராவாகவே போயின. 48 ஆட்டங்கள் நடந்து, அதில் 40 டிராவாகி, கார்ப்போவ் 5, காஸ்பரோவ் 3 என்று நின்றபோது, 1985 பிப்ரவரியில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் கம்போமானஸ் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். "ரெண்டு பேரும் பேசி வெச்சு ஆடறாங்க" என்று நூலகத்தில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நாங்கள் அந்த ஆட்டங்களைப் போர்டில் போட்டுப் பார்த்தோம். புரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒருவர் பிடித்த இடத்தை மற்றவர் உடனே அடைத்துக்கொண்டே வந்தது மட்டும் எங்களுக்கும் கண்ணுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கமும் அப்படி ஒரு ஜோடி இருந்தது. ஒருவர் ராசிபுரம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வாத்தியார் புத்தகம் படித்து ஆடுபவர். பட்டறைக்காரருக்கு எல்லாம் கைப்பழக்கம். மரத்தைத் தடவியே அளவு சொல்லும் அந்த விரல்களால் காயை எடுத்து, கட்டத்தின் நடுவில் அச்சாக வைப்பார். இருவருக்கும் இடையில் யார் பெரியவர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மோதுவார்கள், பெரும்பாலும் டிராவில்தான் முடியும். ஆனால் அவர்கள் ஆட்டம் நடக்கும் போர்டைச் சுற்றித்தான் தங்கள் ஆட்டத்தை முடித்த எல்லோரும் வந்து நிற்பார்கள்.

அவர்கள் ஆடியதில் ஒரு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் உதவி நடுவனாக இருந்த போட்டி அது. காய்கள் எல்லாம் மாறி மாறிப்போய், கடைசியில் வாத்தியாரிடம் ராஜா, யானை, நடுவில் ஒரு சிப்பாய். பட்டறைக்காரரிடம் ராஜாவும் யானையும் மட்டும். சிப்பாய் பாதிப் பலகையைத் தாண்டியிருந்தது. இன்னும் மூன்று கட்டம் போனால் ராணி. பார்க்கிறவர்களுக்கு வாத்தியார் ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

பட்டறைக்காரர் தன் ராஜாவை அந்தச் சிப்பாய் ராணியாகும் கட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்தார். அவ்வளவுதான், வேலி போட்டாயிற்று. எதிராளியின் ராஜா அந்த வரிசைக்குள் கால் வைக்க முடியாது. யானை வலமும் இடமுமாக அதே வரிசையில் காவலுக்கு நடந்துகொண்டிருக்கும். ராஜாவுக்கு வழி திறக்க வேண்டி சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினால், அந்த நொடியே யானை காவலை விட்டுவிட்டுப் பலகையின் மறுகோடிக்கு ஓடிவிட வேண்டும். அங்கிருந்து பின்பக்கமாகச் செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சிப்பாய் முன்னேறிவிட்டதால் அந்த ராஜாவுக்கு அதன் முன்னால் ஒளிய இடம் இருக்காது. பிரெஞ்சுக்காரர் ஃபிலிடோர் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த பாதுகாப்பு இது. பட்டறைக்காரர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. பல முறை தோற்றுத் தோற்று, எந்த வரிசையில் நின்றால் உயிர் தப்பலாம் என்று தானே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

வாத்தியாருக்கு அந்தப் பேர் தெரியும், இது டிரா என்பதும் தெரியும். ஆனாலும் அவர் டிரா கேட்கவில்லை. சிப்பாயைத் தள்ளவும் இல்லை. தள்ளினால் எதிராளியின் வேலை சுலபமாகிவிடும். ராஜாவை ஒரு பக்கம் கொண்டுபோனார், திருப்பிக் கொண்டுவந்தார். யானையை எதிர் யானைக்கு நேரே வைத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். பட்டறைக்காரர் மாற்றாமல் அதே வரிசையில் ஒரு கட்டம் விலகினார். மறுபடி ராஜா, மறுபடி யானை. வெளியே பந்தியில் சாம்பாரும் ரசமும் ஆறிக்கொண்டிருந்தன. சாப்பிடப் போனவர்கள் கை கழுவிவிட்டுத் திரும்ப வந்து நின்றார்கள். போர்டில் சிப்பாய் அங்கேயே இருந்தது.

கடைசியில் பட்டறைக்காரர் தன் நகர்த்தலைத் தாளில் எழுதினார். காயைத் தொடவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார். "அம்பது ஆச்சுங்க சார்." ஐம்பது நகர்த்தலாக எந்தச் சிப்பாயும் நகரவில்லை, எந்தக் காயும் வெட்டுப்படவில்லை என்றால் டிரா கேட்கலாம். அதைச் சரிபார்ப்பது நடுவர் வேலை. இரண்டு பேர் தாளையும் வாங்கினோம். பட்டறைக்காரர் இ4, என்எஃப்3 என்று புதிய முறையில் எழுதியிருந்தார். வாத்தியார் பழைய ஆங்கிலப் புத்தக முறையில் பி-கே4 என்று எழுதியிருந்தார். 1981-லேயே ஃபிடே அந்த முறையைக் கைவிட்டுவிட்டது, ஆனாலும் எங்கள் பக்கம் பழையவர்கள் பலர் அப்படித்தான் எழுதிவந்தார்கள். பக்கத்து மேசையில் வேறொரு போர்டு வைத்து, இரண்டு தாளையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்து, முதலிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தோம். கணக்கு சரியாக இருந்தது. அரை, அரை.

கை குலுக்கியதும் பட்டறைக்காரர் கேட்டார், "டிரான்னு உங்களுக்கு எப்பவோ தெரியுமில்லீங்களா வாத்தியாரே, ஏனுங்க விடவே மாட்டேனுட்டீங்க?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு நான் எப்படிங்க நம்பறது? ஆடித்தானே காட்டணும்" என்றார் வாத்தியார்.

இருவரும் சேர்ந்தே சாப்பிடப் போனார்கள்.

இந்தத் தொழிலில் நான் பின்னால் பார்த்தது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். பரிசுப்பணம் பெருகியதும் கடைசி ரவுண்டு டிரா என்று ஒரு வியாதி வந்தது. ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்களை ஒவ்வொரு ரவுண்டிலும் மோதவிடும் சுவிஸ் முறையில் முதல் இரண்டு போர்டில் இருப்பவர்கள் அரைப் புள்ளி எடுத்தாலே பரிசு உறுதி. ஜெயிக்கப் போய்த் தோற்றால் ஒன்றுமில்லை. அதனால் காலையில் டீ குடிக்கும்போதே பேசிவைத்துக்கொண்டு, பத்து நகர்த்தலில் கை குலுக்கி எழுந்துவிடுவார்கள். பின் போர்டுகளில் சின்னப் பிள்ளைகள் வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டிருக்கும்போது, முன்னால் முதல் மேசை காலியாகக் கிடக்கும். ஒரு போட்டியில் இரண்டு அப்பாமார் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பேசி முடித்து, பிள்ளைகளிடம் வந்து எத்தனையாவது நகர்த்தலில் டிரா கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியதை நானே கேட்டேன். அந்தப் பையன்கள் இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், ஒருவருக்கொருவர் சமமானவர்கள். ஆடியிருந்தால் இருவருமே எதையாவது கற்றுக்கொண்டிருப்பார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் தீரவில்லை.

2005-ல் பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்த போட்டியில், ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசி டிரா செய்யக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதன் செய்தி இங்கும் பரவியது. முப்பது நகர்த்தலுக்கு முன் டிரா கேட்கக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் போட்டிகளிலும் அறிவிக்கத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆட மனமில்லாதவனை விதி ஆட வைக்காது. அதே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்று இன்னொரு விதி இருக்கிறதே! குதிரையை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, "சார், மூணு தடவை வந்திருச்சு" என்று கையைத் தூக்கினார்கள். தாளைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவதைத் தவிர நடுவருக்கு வேறு வழியில்லை.

அதற்காகக் குறைந்த நகர்த்தலில் முடிந்த டிரா எல்லாம் பேசிவைத்தது என்று சொல்லிவிட முடியாது. 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் நடந்தபோது, என் வகுப்பில் பெரிய போர்டு மாட்டி, நகர்த்தல் வர வர வைத்துக்கொண்டிருந்தோம். முதல் ஆட்டம் நவம்பர் 9, சனிக்கிழமை. கார்ல்சனுக்கு வெள்ளை. அவருடைய ராணி ஆனந்தின் குதிரையைத் தாக்க வந்தது. ஆனந்த் குதிரையைப் பின்னுக்கு இழுத்து ராணியை விரட்டினார், ராணி நகர்ந்தது, குதிரை மறுபடி வந்து விரட்டியது. 16 நகர்த்தலில் டிரா. வகுப்புக்கு வந்திருந்த ஒரு தந்தை, "இதுக்காங்க சார் உலகமே உக்காந்து பாக்குது?" என்றார். வெள்ளைக்காய் வைத்திருப்பவருக்கு ஒரு நகர்த்தல் முன்னிலை. கறுப்புக்காய் வைத்து அவரை 16 நகர்த்தலில் நிறுத்தியதால், அன்று மனநிறைவோடு எழுந்துபோனவர் ஆனந்த்தான் என்று விளக்கினேன். மறுநாள் ஆனந்துக்கு வெள்ளை. இப்போது கார்ல்சன் கறுப்பில் காரோ-கான் தற்காப்பு ஆடி 25 நகர்த்தலில் டிரா செய்துவிட்டார். அந்தத் தந்தையே எழுந்து, "நேத்து வாங்குனதை இன்னிக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். அந்த நாலு வார்த்தையில் அவருக்கு விளங்கியதை நான் ஒரு மணி நேரம் பேசியும் விளக்கியிருக்க முடியாது.

அதற்கு முந்தைய ஆண்டு மாஸ்கோவில் ஆனந்தும் கெல்ஃபாண்டும் ஆடிய 12 ஆட்டங்களில் 10 டிரா. ஏழாவதில் கெல்ஃபாண்ட் ஜெயித்தார், எட்டாவதில் ஆனந்த் 17 நகர்த்தலில் பதில் கொடுத்தார், 6-6. அப்புறம் வேக ஆட்டத்தில்தான் ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். 2018-ல் லண்டனில் கார்ல்சன்-கரூவானா மோதிய 12 ஆட்டங்களும் டிரா. ஒருவரும் தவறவில்லையென்றால் செஸ் டிராவில்தான் முடியும் என்றே பெரிய ஆட்டக்காரர்களில் பலர் நம்புகிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

நடுவர் வேலையில் டிரா கொடுத்த தலைவலியையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சாவி கொடுக்கும் கடிகாரம். பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சிறு கொடியைத் தூக்கும். முள் தாண்டியதும் கொடி விழும், நேரம் முடிந்தது, தோல்வி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் கூட்டித்தரும் வசதி அதில் கிடையாது. அதனால் ஆளுக்கொரு யானை மட்டும் மிஞ்சிய, குழந்தைக்குக்கூட டிரா என்று தெரியும் நிலையிலும், கடிகாரத்தில் நிமிஷம் அதிகம் உள்ளவன் யானையைச் சும்மா நகர்த்திக்கொண்டே இருப்பான். எதிராளியின் கொடி விழட்டும் என்று காத்திருப்பான். இதைத் தடுக்க, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக நேரம் உள்ளவர் நடுவரை அழைத்து, "அவர் ஜெயிக்க முயற்சியே செய்யவில்லை" என்று டிரா கேட்கலாம் என ஒரு விதி வந்தது. அந்த விதியில் எல்லாப் பாரமும் நடுவர் தலையில். உடனே டிரா கொடுக்கலாம், மறுக்கலாம், இன்னும் கொஞ்சம் ஆடச்சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம். கொடி விழுந்த பின்னும் டிரா என்று தீர்ப்புச் சொல்லலாம்.

நான் பெரும்பாலும் ஆடச்சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். கை காயைத் தேடிப் போகிறதா, கடிகாரத்தைத் தேடிப் போகிறதா என்று பார்ப்பேன். ஜெயிக்க நினைப்பவன் பலகையைப் பார்த்துக்கொண்டே நகர்த்துவான். கொடிக்குக் காத்திருப்பவன் நகர்த்திய கையோடு எதிராளியின் கடிகாரத்தைப் பார்ப்பான். அதை வைத்து நான் தீர்ப்புச் சொன்னதுண்டு. சில பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், சிலர் பல மாதம் பேசாமல் இருந்தார்கள். டிஜிட்டல் கடிகாரம் வந்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடும் முறை பரவியதும் அந்தச் சண்டைகள் ஓய்ந்தன. நான் பார்த்த மாற்றங்களிலேயே ஆட்டத்துக்கு நேரடியாக நல்லது செய்தது இதுதான். டிராவைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு இப்போது அதைக் காப்பாற்ற நேரம் கிடைக்கிறது. 2014-லிருந்து, ஒரே நிலை ஐந்து முறை வந்தாலோ, சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் இருவரும் 75 நகர்த்தல் ஆடிவிட்டாலோ, யாரும் கேட்காமலேயே நடுவர் ஆட்டத்தை முடித்துவைக்கலாம் என்றும் ஆகிவிட்டது.

ரேட்டிங் வந்து டிராவின் மதிப்பை இன்னொரு விதமாக மாற்றியது. தொண்ணூறுகளின் நடுவில் 2000-க்குக் கீழே ஃபிடே ரேட்டிங்கே கிடையாது, எங்கள் பக்கம் ரேட்டிங் உள்ளவரைப் பார்ப்பதே அபூர்வம். அந்தக் கீழ்வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 2012-ல் 1000-க்கு வந்தது. அப்புறம் ராசிபுரத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் ரேட்டிங் உண்டு என்றாகிவிட்டது. 2024 மார்ச்சில் மறுபடி 1400-க்கு உயர்த்தினார்கள். இப்போது பிள்ளைகள் போர்டில் உட்காருமுன் எதிராளியின் எண்ணைப் பார்க்கிறார்கள். தன்னைவிட 200 புள்ளி மேலே உள்ளவரிடம் டிரா எடுத்தால், சிறுவர்களுக்கான கணக்கில் பத்துப் புள்ளிக்கு மேல் ஏறும். அதே டிராவில் மேலே உள்ள சிறுவனுக்கு அவ்வளவும் இறங்கும். சமமான எண் உள்ள இருவர் டிரா செய்தால் இருவருக்கும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம்தான் என்னை உறுத்துகிறது. போட்டியிலேயே சிறந்த ஆட்டமாக அது இருந்திருக்கலாம். ரேட்டிங் பட்டியலில் அன்று ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிள்ளைகள் வெளியே வந்ததும் போனில் செஸ் எஞ்சினைத் திறந்து நிலையைப் போடுகிறார்கள், அதிலும் 0.00 என்று வருகிறது. "டெட் டிரா சார், ஒண்ணுமே இல்லை" என்கிறார்கள். நான் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே நிலையைப் போர்டில் போட்டு, "ஒண்ணுமே இல்லைன்னா, என்கிட்ட ஆடிக் காட்டு" என்பேன். பத்து நகர்த்தலுக்குள் பாதிப்பேர் தோற்றுவிடுவார்கள். அந்த 0.00 ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரே ஒரு சரியான கட்டத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு மட்டும்தான். மற்றவனுக்கு அது தோல்வி.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான மோதலில் நடந்தது இதற்குச் சாட்சி. 13 ஆட்டம் முடிந்து குகேஷும் டிங் லிரெனும் ஆறரை, ஆறரை. பதினான்காவது ஆட்டத்தில் ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராதான், நாளை வேக ஆட்டம்தான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். குகேஷ் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை மாற்றிக்கொள்ளலாம் என்று எஃப்2-வில் வைத்தார். அவருடைய பிஷப் மூலையில் ஏ8-ல் நின்றது. யானைகளை மாற்றிவிட்டு குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் வைத்ததும் அந்தப் பிஷப்புக்கு ஓட இடமில்லை, அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். அன்றிரவு என் மாணவர்கள் போனில் அழைத்து, டிங் இப்படித் தவறலாமா என்று அங்கலாய்த்தார்கள். ராசிபுரத்து வாத்தியார் சொன்னதைத்தான் அவர்களிடம் சொன்னேன்.

இப்போது என் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஓபனிங் சொல்லிக்கொடுப்பதற்கு முன், தோற்கும் பக்கத்தில் உட்கார வைத்து டிரா எடுக்கக் கற்றுத்தருகிறேன். அந்த மூன்றாம் வரிசை யானை முதலில். அடுத்தது ஓரச் சிப்பாய். எதிராளியிடம் ஒரு பிஷப்பும் பலகையின் விளிம்பில் ஒரு சிப்பாயும் இருக்கும், நம்மிடம் ராஜா மட்டும். சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டத்தின் நிறத்தில் அந்தப் பிஷப் ஓடாது என்றால், நம் ராஜா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் புரிந்துகொண்ட அன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். காய் எல்லாம் போனபின்னும் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, அப்புறம் சீக்கிரத்தில் கை கொடுத்து எழுந்துவராது.

போட்டி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சமீபத்தில் ஒரு மாவட்டத் தேர்வில், கடைசி ரவுண்டில் இரண்டு சிறுமிகள் மோதினார்கள். இருவருக்கும் ஒரே புள்ளி, ரேட்டிங்கும் ஏறக்குறைய ஒன்று. மண்டபத்தில் எல்லோரும் போனபின்னும் ஆடினார்கள். ஒருத்தியிடம் குதிரை, இன்னொருத்தியிடம் பிஷப், சிப்பாய்கள் இரண்டு பக்கமும். ஒன்றன்பின் ஒன்றாகச் சிப்பாய்கள் போய், கடைசிச் சிப்பாய்க்காகக் குதிரையையே கொடுத்து ஒருத்தி டிரா செய்தாள். மாநிலப் போட்டிக்குப் போக மிச்சமிருந்தது ஒரே இடம். நேருக்கு நேர் ஆட்டம் டிரா என்பதால் அதைவைத்துப் பிரிக்க முடியாது. கணினியில் புக்கோல்ஸ் பார்த்தார்கள். நாம் யார் யாரோடு ஆடினோமோ அவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை அது. ஒருத்தியோடு முதல் ரவுண்டில் ஆடிய பெண் உடம்பு சரியில்லாமல் இரண்டாம் நாள் வரவே இல்லை, அதனால் அவள் புள்ளி ஏறவில்லை. அந்த வித்தியாசத்தில் இடம் மற்றவளுக்குப் போனது.

விதிப்படி தவறில்லை. ஆனால் மூன்று மணி நேரம் பலகையில் தீராததை, அந்த மண்டபத்திலேயே இல்லாத ஒரு பெண்ணின் காய்ச்சல் தீர்த்துவைத்தது. 2025 தொடக்கத்தில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் பிரக்ஞானந்தாவும் குகேஷும் 13 சுற்றில் ஆளுக்கு எட்டரை எடுத்து முதலிடத்தில் சமமாக நின்றபோது, அவர்களை உட்கார வைத்து பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடச்சொன்னார்கள். ஆளுக்கு ஒன்று ஜெயித்து, மூன்றாவதில் பிரக்ஞானந்தா வென்றார். அரைமணி நேர வேலை. நம் மாவட்டத் தேர்விலும் கடைசி இடத்துக்கு இருவர் சமமாக நின்றால் அதையே செய்யலாம். கடிகாரம் இருக்கிறது, போர்டு இருக்கிறது, நடுவர்களும் அங்கேயேதான் இருக்கிறோம். மண்டபத்துக்காரரிடம் சாவியை ஒரு அரைமணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி. அடுத்த தேர்வுக்கு அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.